குலவை போட்ட வாய்

விளாங்குடி,
5-10-1938

பிரியமுள்ள மச்சானுக்கு,

கொழும்பில் சுகம்தானே? ஆடி மாதம் நான் எழுதிய கடிதத்தை முதலில் அடுப்பில் போடுங்கள். அதில் என் தங்கச்சியைப் பற்றி எழுதியதற்கு நீங்கள் பதில் போடாதது நல்லதாகப் போயிற்று.

என் தாடை வீக்கத்துக்கு இரண்டு பல்லைப் பிடுங்கியது வீண். கோளாறு கழுத்திலாம். மிளகளவு இருக்க வேண்டிய சுரப்பி ஒன்று நெல்லிக்காயளவு வீங்கி, எலும்பிலிருந்த சுண்ணாம்பை உறிஞ்சிவிட்டதாம். மதுரையில் டாக்டரம்மா கழுத்தைக் கீறி அதை எடுத்துவிட்டார். தாடையைத் தொடவே இல்லை, வீக்கம் தானாக வற்றுகிறது!

சுண்ணாம்பு குறைவு என்றதும் அம்மா வெற்றிலையில் அப்பிக் கொடுத்து என் நாக்கைப் புண்ணாக்கிவிட்டாள். "பாலைத்தானம்மா குடுக்கச் சொன்னேன்!" என்று டாக்டரம்மா தலையில் அடித்துக்கொண்டார்.

நேற்று நம் வயலில் நடவு. வேடிக்கை பார்க்கத்தான் போனேன். முதல் நாற்றை ஊன்றியதும் பெண்கள் குலவை போட்டார்கள். இரண்டு வருடமாகச் சோற்றுக்கே திறக்காத என் வாயும் திறந்துகொண்டது. எல்லோரும் நிறுத்திய பிறகும் நான் நிறுத்தவில்லை.

செல்லத்தாய் அத்தை சேற்றுக் கையோடு என்னைக் கட்டிக்கொண்டு, "இம்புட்டுச் சத்தத்தை எங்கடி வச்சிருந்த?" என்று அழுதாள்.

தங்கச்சிக்கு மாப்பிள்ளை பார்க்கச் சொல்லிவிட்டேன். "மச்சான் குறட்டைக்குத் தப்பிச்சேன்க்கா" என்கிறாள் அவள்.

தீபாவளிக்கு வரும்போது ஒரு சேலை வாங்கினால் போதும்.

இப்படிக்கு,
உங்கள் ஒரே பெண்டாட்டி