ஐஸ் பெட்டியில போன பாட்டில்

குட்டிம்மா,

வேலை முடிஞ்சு வந்து அசந்து தூங்குற, எழுப்ப மனசு வரல. முட்டை அவிச்சு மூடி வச்சிருக்கேன், சாப்பிடு.

என் விந்துல ஒண்ணுகூட நீந்தலன்னு ரிப்போர்ட் வந்துச்சுல்ல, லேப்புக்குப் போன் போட்டுக் கேட்டேன். “பாட்டில எப்படிண்ணே கொண்டு வந்தீங்க?”ன்னு அந்தப் பொண்ணு கேட்டுச்சு. ஐஸ் பெட்டியிலன்னேன். “அது மீன் இல்லண்ணே! குளிர்ல அடங்கிடும்”னு ஒரே சிரிப்பு. மீன் கிடங்குல பத்து வருஷம் கெடந்தவனுக்கு, கெடாம இருக்கணும்னா ஐஸ்தானே தெரியும்?

இன்னைக்கு மறுபடி குடுக்கப் போறேன். சட்டைக்குள்ள உடம்போட ஒட்டி வச்சு, ஒரு மணி நேரத்துக்குள்ள. இப்பவும் அசையலன்னா என்ன பண்றதுன்னு பயமாத்தான் இருக்கு.

ரிப்போர்ட்டப் பாத்துட்டு “நீ வேற எவனையாவது கட்டிக்கோ”ன்னு கத்தினேன் பாரு, அந்த வாய்ல நாலு போடணும். எனக்கு உன் மூக்கோட ஒரு பிள்ளை வேணும்டி.

வீட்டுச் சாவி என் பழைய ஷூக்குள்ள இருக்கு.

இன்னொண்ணு. மூணு நாளா நான் ஹால்ல படுத்தது கோவத்துல இல்ல. டெஸ்டுக்கு முன்னாடி விலகி இருக்கணும்னாங்க, சொல்ல வெக்கமா இருந்துச்சு. உன் பக்கத்துல படுத்துக்கிட்டு என்னால எப்படி முடியும்? என் தலகாணிய உள்ள எடுத்துப் போட்டு வை.