இரண்டு ஏர்போர்ட்டும் என் இஸ்திரிப் பெட்டிகளும்

செல்ல மகளுக்கு அம்மா எழுதறது. நீயும் மாப்பிள்ளையும் நல்லா இருப்பீங்கன்னு நம்பறேன். இங்க அப்பாவுக்கு இருமல் விட்டுடுச்சு, தையல் கடையில வேலை குவிஞ்சு கிடக்கு, எனக்கும் உடம்புக்கு ஒண்ணும் இல்ல, வயித்தெரிச்சல் ஒண்ணுதான். போன்ல கேட்டா மீட்டிங்னு வெச்சிடுவே, அதான் உக்காந்து எழுதறேன்.

போன மாசம் இந்த ஊர் வழியாத்தான் போனியாமே. பழைய ஏர்போர்ட்ல இறங்கி, புது ஏர்போர்ட்ல வேற விமானம் ஏறினியாமே. யார் சொன்னா தெரியுமா, உன் மாமியார். துணி தைக்கக் குடுக்க வந்தவங்க, கடையில நாலு பேர் முன்னாடி, ரயில் ஏத்தி, நடுவுல மாத்தி, பஸ் பிடிச்சு நான்தான் மருமகளைக் கொண்டு போய் விட்டேன், பாவம் பஸ்ல என் தோள்லயே சாஞ்சு தூங்கிட்டான்னு சொல்லிச் சொல்லிப் பூரிச்சுப் போறாங்க. நான் அப்போ அந்தத் தோளுக்குத்தான் அளவு எடுத்துட்டு நிக்கறேன். எப்படி இருந்திருக்கும் எனக்கு? பெத்தவ இதே ஊர்ல குத்துக்கல்லாட்டம் இருக்கேன், நீ தூங்கறதுக்கு அவங்க தோள் கேக்குதா? அவங்க துணியை நான் இன்னும் வெட்டல. இப்போதைக்கு வெட்டறதாவும் இல்ல.

அவங்களுக்கு மட்டும்தான் வழி தெரியுமான்னு ஞாயித்துக்கிழமை நானே கிளம்பிட்டேன். நீ கொண்டு வர்ற பாரம் எனக்குப் பழகணுமேன்னு கடையிலிருந்த இஸ்திரிப் பெட்டி ரெண்டையும் உன் பழைய சூட்கேஸ்ல வெச்சு இழுத்துட்டுப் போனேன். உனக்கென்ன பைத்தியமான்னு அப்பா கேட்டார், நான் செருப்பை மாட்டிட்டேன். நீ கேட்டுக்கோ, ரயில்ல கடைசிப் பெட்டியில ஏறணும், மாறற ஸ்டேஷன்ல மாடிப்படி அங்கதான் வரும். லிஃப்ட் அந்தக் கோடியில இருக்கு, அதுவும் ஓடல. வெளிய வந்தா ரெண்டு பஸ் நிக்கும், ரெண்டுலயும் ஏர்போர்ட்னுதான் போட்டிருக்கும், ஒண்ணு சரக்கு இறக்கற பக்கம் போயிடும். நான் அதுலதான் ஏறினேன். இதையெல்லாம் உன் மாமியார் சொன்னாங்களா, இல்லையே. திரும்பி வந்து அடுத்த பஸ்ல போனா, புது ஏர்போர்ட் வாசல்ல காவலாளி டிக்கெட் கேக்கறார். எங்கம்மா போறீங்கன்னார், வீட்டுக்குத்தான்னேன். சூட்கேஸைத் திறந்து பாத்துட்டு மனுஷன் முழிச்ச முழி இருக்கே. அப்பாவுக்கு போன் போட்டு, ஆமா என் பொண்டாட்டிதான், இஸ்திரிப் பெட்டியும் எங்களுதுதான்னு அவர் சொன்ன பிறகுதான் விட்டார்.

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையா உன் மாமியாரைக் கூப்பிட்டு, நானும் போய்ட்டு வந்துட்டேன்னு சொன்னேன். படி ஏறியா போனீங்கன்னு கேட்டாங்க. அப்புறம் சொன்னாங்க: "சம்பந்தி, உங்க பொண்ணுதான் உங்ககிட்ட சொல்ல வேண்டாம்னா. அம்மாவுக்கு முட்டி வலி, அந்தப் படியெல்லாம் ஏற வெச்சா தாங்க மாட்டாங்கன்னா."

ஏண்டி, என் முட்டி என்ன கேட்டுச்சா உன்னை? அந்தப் படி அத்தனையும் பாரத்தோட ஏறி இறங்கிட்டு வந்திருக்கேன். வீங்கித்தான் கிடக்கு, இல்லேன்னு சொல்லல, அப்பாதான் தைலம் தேச்சு விடறார். வலிச்சா வலிச்சுட்டுப் போகுது. நீ வந்து போனதை ஊரார் முன்னாடி இன்னொருத்தர் வாயால கேட்டேன் பாரு, அதுக்கு எந்தத் தைலத்தைத் தேய்க்கறது?

மாசக் கடைசியில அதே வழியாத்தான் திரும்பறியாம், அதையும் அவங்கதான் சொன்னாங்க. வேளைக்குச் சாப்பிடு, மாப்பிள்ளையோட மல்லுக்கு நிக்காதே, ரெண்டு பேரும் நூறு வயசுக்கு நல்லா இருங்க. எந்த விமானம், எத்தனை மணின்னு எனக்கு முதல்ல சொல்லு, அவங்களுக்கு அப்புறம் சொல்லிக்கலாம். அவங்களும் வரட்டும், நான் வேண்டாங்கல, சூட்கேஸை அவங்க இழுக்கட்டும். பஸ்ல உன் பக்கத்து சீட்டு எனக்கு.

இப்படிக்கு,
உன்னைப் பெத்த அம்மா