சிவப்புப் புள்ளி உன் காது

பழைய கைப்பையின் உள் ஜிப்பில் நம் இயர்ஃபோன் கிடைத்தது. ஒயர் முழுக்கச் சிக்கு. மடியில் போட்டுக்கொண்டு பிரிக்க உட்கார்ந்ததில் அரை மணி ஓடிவிட்டது. ஒரு முனையில் நீ வைத்த நெயில் பாலிஷ் புள்ளி இன்னும் சிவப்பாகவே இருக்கிறது. ஓரத்தில் கொஞ்சம் பெயர்ந்திருக்கிறது, அவ்வளவுதான். நீ போய் வருஷம் திரும்பப்போகிறது. ஒரு பொட்டு நெயில் பாலிஷ் இத்தனை திடமாக இருப்பதைப் பார்த்து எனக்குக் கோபம்தான் வந்தது.

நான் தேடியது அதை அல்ல, நம் பாட்டெல்லாம் இருக்கிற ஹார்ட் டிஸ்க்கை. தேட வைத்தவள் உன் மகள். ஷைனி போன வாரம் போன் செய்தாள். உன் முதல் வருஷ நினைவு ஜெபத்துக்கு நாள் குறித்தாகிவிட்டது, சாப்பாட்டுக்குச் சொல்லியாகிவிட்டது என்றெல்லாம் வரிசையாகச் சொல்லிக்கொண்டே வந்தவள் சட்டென்று நின்றுவிட்டாள். லைன் போய்விட்டதோ என்று நான் இரண்டு முறை ஹலோ சொன்னேன்.

“ஆன்ட்டி, ஆஸ்பத்திரியில ஒரு நாள் அம்மா சொன்னாங்க, ரயில்ல உங்ககூட பாட்டு கேப்பாங்கன்னு. என்ன பாட்டும்மான்னு கேக்குறதுக்குள்ள தூங்கிட்டாங்க. அப்புறம் கேக்கவே முடியல.” பிறகு, “எனக்கு அந்தப் பாட்டெல்லாம் வேணும் ஆன்ட்டி. வீட்ல போட மாட்டேன். நான் மட்டும் கேக்கணும்” என்றாள்.

சரிம்மா, எடுத்து வைக்கிறேன் என்று போனை வைத்துவிட்டு நான் சமையலறையில் போய் நின்றுகொண்டேன். உனக்கு என்ன பாட்டுப் பிடிக்கும் என்று அந்தப் பெண்ணுக்குச் சொல்ல உலகத்தில் என்னை விட்டால் ஆள் இல்லை. அவளைப் பெற்று வளர்த்தவள் நீ. ஆனால் சேலையூரில் உன் வீட்டு வாசல்படி ஏறியதும் உன் பாட்டு நின்றுவிடும், அவள் எப்படிக் கேட்டிருப்பாள்?

உங்கள் வீட்டில் சினிமாப் பாட்டு என்றால் அது உலகப் பாட்டு, கர்த்தருக்கு ஆகாதது. அதற்கு அங்கே இடம் கிடையாது. உன் மாமியாரை நான் குறை சொல்ல மாட்டேன். எனக்குச் சர்க்கரை என்று தெரிந்தும் கிறிஸ்துமஸ் தவறாமல் கேக் கொடுத்தனுப்புகிற மனசு அவர்களுக்கு. நீயும் ஒருநாளும் குறை சொன்னதில்லை. நான்தான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியாமல், உங்க வீட்ல இது தப்புன்னா ரயில்ல மட்டும் எப்படிக் கேக்குற என்று ஒருமுறை கேட்டுவிட்டேன். நீ கொஞ்சமும் அலட்டிக்கொள்ளவில்லை. “சர்ச்ல பாடுறது கர்த்தருக்கு. வீட்ல பாடுறது அத்தைக்கு. ரயில்ல கேக்குறது எனக்கு” என்றாய்.

தாம்பரத்தில் கிளம்புகிற வண்டி என்பதால் நமக்கு எப்போதும் உட்கார இடம் கிடைக்கும். நான் முடிச்சூர் சாலைப் பக்கமிருந்து வந்து லேடீஸ் பெட்டியில் முதலில் ஏறி ஜன்னல் ஓரத்தைப் பிடிப்பேன். நீ கேம்ப் ரோட்டில் ஷேர் ஆட்டோ கிடைக்காமல் அல்லாடிவிட்டு, படிக்கட்டுகளில் ஏறி இறங்கி, மூச்சு வாங்க வந்து என் வலது பக்கத்தில் விழுவாய். நுங்கம்பாக்கத்தில் என் ஆபீஸ், அதற்கு அடுத்த ஸ்டேஷனான சேத்துப்பட்டில் உன் பள்ளிக்கூடம். நுங்கம்பாக்கம் வரைக்கும் நம் இருவருக்கும் ஒரு சின்ன பிளேயர், ஒரு இயர்ஃபோன்.

அந்த பிளேயருக்குள் போகிற பாட்டையெல்லாம் என் வீட்டுக் கம்ப்யூட்டரில் ஞாயிற்றுக்கிழமை நான்தான் ஏற்றுவேன். நீ திங்கள் முதல் சனி வரைக்கும் வாயால் உத்தரவு போடுவாய். அந்த மழைப் பாட்டு, அந்த அம்மா பாடுகிற தாலாட்டு, படகில் போகும்போது வருமே அது. படத்தின் பேர் உனக்குத் தெரியாது, ஏனென்றால் நீ படம் பார்த்ததே இல்லை. பெட்டிக்கடை ரேடியோவிலும் கல்யாண மண்டபத்திலும் காதில் விழுந்ததை வைத்துக்கொண்டு நீ ஆர்டர் கொடுப்பாய். நான் வாரம் முழுக்கத் தேடுவேன்.

உனக்கு வலது காதில் சின்ன வயதில் சீழ் வைத்து, அதில் எதைச் சொருகினாலும் வலிக்கும். அதனால் இடது காதுக்கானது உனக்கு, வலது எனக்கு. அதில் இருந்த ஆங்கில எழுத்து இரண்டும் தேய்ந்து அழிந்ததும், பள்ளி ஆண்டு விழாவுக்கு வாங்கிய நெயில் பாலிஷை ரயிலில் எடுத்து வந்து ஒன்றில் புள்ளி வைத்தாய். “சிவப்பு என் காது. மாத்தி எடுத்துடாத. என் சீக்கு உனக்கு வேணாம்” என்றாய். காதில் சீழ் நின்று எத்தனையோ வருஷம் ஆகியிருந்தது. ஆனாலும் அந்தச் சிவப்பு முனையை நீ என்னைத் தொடவே விட்டதில்லை. கொடுப்பதற்கு முன்னால் என் முனையைப் புடவைத் தலைப்பால் துடைத்துக்கூடக் கொடுப்பாய்.

நம் சண்டையெல்லாம் பாட்டைப் பற்றித்தான். உனக்கு மெதுவாக, இழுத்து இழுத்துப் பாடினால்தான் பாட்டு. நான் அதை ஒப்பாரி என்பேன். எனக்குத் தாளம் வேண்டும், டிரம்ஸ் வேண்டும். நீ அதைக் கல்யாண ஊர்வலம் என்பாய். பாட்டுக்குப் பாட்டு முறை வைத்துக்கொண்டு கேட்டோம், ஒன்று உன்னுடையது, ஒன்று என்னுடையது.

அந்த மழைப் பாட்டில்தான் பெரிய வம்பு. இரண்டாவது சரணத்துக்கு முன்னால் ஒரு புல்லாங்குழல் வரும், யாரோ தூரத்தில் நின்று கூப்பிடுவது மாதிரி இருக்கும் என்பாய். அந்த இடம் வந்தால் கண்ணை மூடிக்கொண்டு என் கையைத் தட்டுவாய். நான் உன்னிப்பாகக் கேட்பேன். தபலாதான் ஓடும். அங்க எங்க புல்லாங்குழல் இருக்கு, கிடையவே கிடையாது என்பேன். உனக்கு முகம் சுருங்கிவிடும்.

ஒருமுறை பல்லாவரத்தில் பிடித்த சண்டை கிண்டி வரைக்கும் போனது. எதிரில் பூ கட்டிக்கொண்டிருந்த அம்மா, “இன்னாம்மா, கூடப் பொறந்தவங்களா?” என்று கேட்டார். இல்லை என்று இருவரும் ஒரே குரலில் சொன்னோம். “அப்பால இன்னாத்துக்கு இம்மாம் சண்ட?” என்று அவர் பூவில் மும்முரமாகிவிட்டார். நீ சிரித்துவிட்டாய். ஆனாலும் விட்டுக்கொடுக்கவில்லை, சைதாப்பேட்டை தாண்டும்போது மெதுவாக, “இருக்கு. உனக்குத்தான் கேக்கல” என்றாய். நானும் விடவில்லை.

நிற்க, ஹார்ட் டிஸ்க்குக்கு வருகிறேன். அது பீரோவில் நகைப் பெட்டிக்குப் பின்னால் இருந்தது. என் மகன் கார்த்திக் அதைத் தன் லேப்டாப்பில் சொருகியதும் கட் கட் என்று ஒரு சத்தம் வந்தது. ரொம்ப நாள் தாங்காதும்மா, வேண்டியதை இன்னைக்கே எடுத்துடு என்று சொல்லிவிட்டு, தன் பெரிய ஹெட்ஃபோனை என் தலையில் மாட்டிவிட்டுப் போனான். இப்போதெல்லாம் போனிலேயே எல்லாப் பாட்டும் வரும்மா என்றும் ஒரு வார்த்தை. வரும். ஆனால் உனக்குப் பிடித்தது எது என்று போனுக்கு எப்படித் தெரியும்?

உள்ளே ஒரே குப்பை. ஒரே பாட்டு மூன்று இடத்தில், பேரில்லாத பாட்டுகள், பாதியில் நிற்கிற பாட்டுகள். என் பாட்டு, உன் பாட்டு என்று சுலபமாகப் பிரித்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். முதலில் என் டிரம்ஸ் பாட்டுகளைத் திறந்தேன். அடக்கடவுளே. இதையா காசு கொடுத்து சி.டி. வாங்கி ஏற்றினேன்? இரண்டு நிமிஷத்தில் தலை வலித்தது. நீ சொன்னது சரி, ஊர்வலமேதான். கண்ணை மூடிக்கொண்டு அழித்துக்கொண்டே வந்தேன்.

ஒரு பாட்டில் மட்டும் கை நின்றது. கடைசி இரண்டு மூன்று வருஷம் நீயே அதைக் கேட்க ஆரம்பித்திருந்தாய், ஞாபகம் இருக்கிறதா? ஸ்கூல்ல இன்னிக்கு இன்ஸ்பெக்‌ஷன், உன் டண்டணக்கா ஒண்ணு போடு, தைரியம் வரட்டும் என்பாய். எனக்கோ அந்தச் சமயத்தில் உன் தாலாட்டுப் பாட்டு காதுக்கு இதமாக இருக்க ஆரம்பித்திருந்தது. வெளியே சொல்லவில்லை, கெத்துப் போய்விடுமே. ஆக அந்த டண்டணக்கா யாருடையது? அதை உன் பக்கமே வைத்துவிட்டேன்.

பிறகு மழைப் பாட்டு. ஷைனிக்கு முதலில் போக வேண்டியது அதுதான், அதைக் கடைசியாகத்தான் திறந்தேன். நீ இல்லாமல் அதை நான் கேட்டதே இல்லை. பல்லவி போயிற்று, முதல் சரணம் போயிற்று. நான் வழக்கம்போலத் தபலாவுக்குக் காத்திருந்தேன். தபலாவும் வந்தது. அதோடு கூடவே, இடது பக்கத்தில், அது வந்தது.

நீ சொன்ன மாதிரியேதான். தூரத்தில் நின்று யாரோ கூப்பிடுகிறார்கள்.

நான் ஹெட்ஃபோனைக் கழற்றிக் கீழே வைத்துவிட்டேன். ஐயோ என்று வாய்விட்டுச் சொல்லியிருப்பேன் போலிருக்கிறது, கார்த்திக் பதறிக்கொண்டு ஓடி வந்தான். விஷயத்தைச் சொன்னதும் சிரித்தான். அந்தக் காலத்து ரெக்கார்டிங்கில் சில வாத்தியங்களை ஒரு பக்கத்தில் மட்டும் வைத்துவிடுவார்களாம். எல்லாப் பாட்டிலும் அப்படி இல்லை, சிலதில்தானாம். “இத்தனை வருஷமா ஆளுக்குப் பாதிப் பாட்டுதாம்மா கேட்டிருக்கீங்க” என்றான். ஒருதடவைகூட மாத்திப் போட்டுப் பார்க்கலையா என்றும் கேட்டான். இல்லை என்றேன். ஏன் என்பதை அவனுக்குச் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு அன்று மத்தியானம் முழுக்க நான் ஒரு வேலையும் பார்க்கவில்லை. நான் ஒப்பாரி என்று சொன்ன ஒவ்வொன்றையும் மறுபடி கேட்டேன். படகுப் பாட்டில் உன் பக்கத்தில் வயலின் கூட்டம், என் பக்கத்தில் வெறும் தட்டு. தாலாட்டில் உன் பக்கம் வீணை இருந்திருக்கிறது, எனக்குத் தெரியவே தெரியாது. தாளம் தாளம் என்று நான் அலைந்தேனே, என் காதுக்கு வந்ததே அதுதானே? எனக்கு ரசனை இல்லை என்று நீ ஒருநாள்கூடச் சொன்னதில்லை. உனக்குத்தான் கேக்கல என்று மட்டும் சொன்னாய். அழுகை வந்தது. உன்னிடம் போன் போட்டுச் சொல்ல முடியவில்லையே என்றுதான் அழுதேன், வேறொன்றுமில்லை.

பாட்டையெல்லாம் பென் டிரைவில் போட்டு வைத்துவிட்டு ஷைனிக்குப் போன் செய்தேன். வீட்டுக்கு வா என்று சொல்லவில்லை, தாம்பரம் ஸ்டேஷனுக்கு வரச் சொன்னேன். அவள் கிண்டிக்கு வேலைக்குப் போகிறாள் அல்லவா, அவள் போகிற வண்டியிலேயே நானும் வருகிறேன் என்றேன். ஓய்வு பெற்ற பிறகு அந்தக் காலை வண்டியில் நான் ஏறவே இல்லை. இயர்ஃபோன் சொருக இடம் இருக்கிற பழைய போன் ஒன்றைக் கார்த்திக் தேடி, மழைப் பாட்டை அதில் ஏற்றிக் கொடுத்தான்.

லேடீஸ் பெட்டியில் முன்னாடியே ஏறி ஜன்னல் ஓரத்தைப் பிடித்தேன். ஷைனி மூச்சு வாங்க வந்து என் வலது பக்கத்தில் விழுந்தாள். கேம்ப் ரோட்டில் ஷேர் ஆட்டோவே கிடைக்கலை ஆன்ட்டி என்றாள். நான் பையைத் திறந்தேன்.

பென் டிரைவைக் கையில் கொடுத்தேன். எல்லாம் இதில் இருக்கிறது, எப்போது வேண்டுமானாலும் கேள், இப்போது ஒரே ஒரு பாட்டு மட்டும் என்னோடு கேள் என்றேன். இயர்ஃபோனை எடுத்ததும் ரெண்டையும் நான் போட்டுக்கவா என்று கையை நீட்டினாள்.

“ஒண்ணுதான். சிவப்பு உங்க அம்மா காது” என்றேன்.

அவள் அந்தப் புள்ளியைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். இது அம்மாவோட நெயில் பாலிஷ் என்றாள், தன் அம்மா வைத்துக்கொண்டு பார்த்ததே ஒரு ஆண்டு விழாவுக்குத்தான் என்றாள். பிறகு இடது காதில் வைத்துக்கொண்டாள். நான் மற்றதை என் வலது காதில் வைத்தேன். வண்டி சானடோரியம் தாண்டியது. அவளுக்குப் பாட்டு தெரிந்திருக்கவில்லை, புருவத்தைச் சுருக்கிக்கொண்டு கேட்டாள். குரோம்பேட்டையில் கூட்டம் ஏறி எங்களை நெருக்கியது, ஒயர் இழுபடாமல் அவள் என் பக்கம் சாய்ந்துகொண்டாள்.

பல்லாவரம் நெருங்கும்போது முதல் சரணம் முடிந்தது. என் காதில் தபலா ஆரம்பித்தது. ஷைனி சட்டென்று என் கையைப் பிடித்தாள். அவள் கண் மூடியிருந்தது.

“ஆன்ட்டி, இந்தப் புல்லாங்குழல் உங்களுக்குக் கேக்குதா?”

என் காதில் தபலா மட்டும்தான் ஓடிக்கொண்டிருந்தது.

“கேக்குதும்மா” என்றேன்.