கடைசி இடத்துக்கான ஆட்டம்

ஏப்ரல் 29, செவ்வாய்

லிஃப்ட் இன்றும் வேலை செய்யவில்லை. ஆறு மாடிப் படியையும் வாளியோடு ஏறித்தான் துடைத்தேன். நாலாவது மாடியில் நிற்கும்போது ஞானசேகரம் அண்ணையின் அழைப்பு வந்தது. பல்லாரோ சந்தையில் மரக்கறிக் கடை வைத்திருப்பவர். எங்கள் அல்பெர்கேரியாப் பகுதிப் பெண்கள் கூடைப்பந்து அணிக்கு மனேச்சரும் அவர்தான். நான் கோச்.

"பிள்ளை, மிச்சம் ரெண்டு மட்ச்தானே. ரெண்டையும் விட்டால் என்ன?"

விளங்கவில்லை என்று சொன்னேன். விளங்கியது.

இந்தப் பலெர்மோ நகரில் எங்கள் தமிழ் ஆட்களின் பெண்கள் அணிகள் ஆறு. எட்டு மட்ச் முடிந்துவிட்டது. நாங்களும் சியாகுல்லி அணியும் ஆளுக்கொரு வெற்றியோடு அடியில் கிடக்கிறோம். வருசக் கடைசியில் அடியில் நிற்கிற அணிதான் புதிதாகப் பதிகிற விளையாட்டுக்காரரில் முதல் ஆளை எடுக்கலாம் என்பது லீக்கின் விதி. செப்டெம்பரில் கேசிகா பதியப்போகிறாள். ஆறடி ஒரு அங்குலம். போலோஞாவில் படித்துக்கொண்டே இத்தாலியப் பெண்களின் அணியில் மூன்று வருசம் விளையாடியவள். வேலை கிடைத்துத் திரும்பி வருகிறாள்.

"அவள் ஒருத்தி வந்தால் காணும், சயந்தினி. அமெரிக்காவிலை பெரிய பெரிய டீமே இதைத்தான் செய்யுது."

"பிறகு கதைக்கிறன் அண்ணை, படி ஈரமாக் கிடக்கு" என்று வைத்துவிட்டேன்.

இரண்டு வருசத்துக்கு முதல் நாங்கள் சம்பியன். அப்போது பதினாலு பேர். இப்போது எட்டுப் பேர். அவர் சொல்வதில் நியாயமே இல்லை என்று என்னால் எழுத முடியவில்லை.

மே 1, வியாழன்

விடுமுறை. காலையிலேயே பயிற்சி. அண்ணை தர்சனாவிடமும் கேட்டுவிட்டார். தர்சனா கப்டன், என் வயதுதான், நாற்பது. ஹோட்டலில் அறை துப்புரவாக்குகிற வேலை. பந்தை இடுப்பில் வைத்துக்கொண்டு அமைதியாகச் சொன்னாள்:

"அண்ணை, கிழமையிலை ஆறு நாள் நான் மற்றவையின்ரை கட்டிலுக்கு விரிப்பு மாத்துறன். ஏழாம் நாள் வேணுமெண்டு தோக்கிறதுக்கோ இஞ்சை வாறன்?"

பிறகு என்னைப் பார்த்தாள். "நீ என்ன சொல்லுறாய்?"

"நான் அப்பிடிச் செய்யமாட்டன்" என்றேன்.

சொல்லும்போது பொய் இல்லை.

மே 4, ஞாயிறு

கபோ அணியோடு மட்ச். லீக்கில் இரண்டாம் இடத்தில் நிற்பவர்கள். நாங்கள் நன்றாக விளையாடினோம் — அதுதான் பிரச்சினை. ஐந்து நிமிடம் இருக்கும்போது ஆறு புள்ளி முன்னால்.

அண்ணை ஆட்டக்காரர் இருக்கிற வாங்கின் மறுகோடியில் இருந்தார். சும்மா என்னைப் பார்த்தார். சியாகுல்லி அணி காலையில் தோற்ற செய்தி வந்திருந்தது. நாங்கள் வென்றால் அவர்களுக்குக் கடைசி இடம் கிட்டத்தட்ட உறுதி. கேசிகாவும் அவர்களுக்குத்தான்.

தர்சனாவை வெளியில் எடுத்தேன்.

"ஏன்?"

"கால் நோகுதெண்டனி, கொஞ்சம் இரு."

"அது போன கிழமை."

அவளுக்குப் பதிலாக சாரங்காவை விட்டேன். எட்டுப் பேரிலும் அனுபவம் குறைந்தவள். ஒன்றரை வருசத்துக்கு முதல் பந்தையே தொட்டிராதவள்.

எண்ணியபடியே நடந்தது. ஆறு நாலானது, நாலு ஒன்றானது, பிறகு நாங்கள் ஒரு புள்ளி பின்னால். எட்டு விநாடி இருக்கும்போது சாரங்காவைத் தள்ளிவிட்டதற்கு நடுவர் தடுப்பார் இல்லாமல் எறிய இரண்டு ஃபிரீ த்ரோ கொடுத்தார். முதலாவது வளையத்தில் பட்டு வெளியே போனது. இரண்டாவது வளையத்திலும் படவில்லை. 38–39.

நான் யாரையும் தோற்கச் சொல்லவில்லை. ஒரு ஆளை மாற்றினேன், அவ்வளவுதான். கோச் என்றால் ஆளை மாற்றுவாள்தானே? இதை மூன்று தரம் எழுதி வெட்டிவிட்டேன்.

போகும்போது அண்ணை என் தோளில் தட்டினார். அந்த இடத்தைத் துடைக்கவேண்டும்போல இருந்தது.

மே 5, திங்கள்

தர்சனா ஃபோன் எடுக்கவில்லை.

மே 7, புதன்

சாரங்காவின் குரல்பதிவு. முப்பது விநாடி. நாலு தரம் கேட்டுவிட்டேன்.

"அக்கா, என்னாலைதான் தோத்தது. ஒருத்தரும் ஒண்டும் சொல்லேல்லை, ஆனா எனக்குத் தெரியும். நான் இனி வரேல்லை. எனக்குப் பதிலா நல்ல ஆள் ஒராளை எடுங்கோ. உடுப்பைத் தோய்ச்சுத் தாறன்."

சாரங்கா முல்லைத்தீவுப் பிள்ளை. இருபத்தேழு வயது. குளிர்காலத்தில் சியாகுல்லித் தோட்டங்களில் மண்டரின் தோடம்பழம் பறிக்கிறாள், மற்ற மாதங்களில் ஒரு உணவகத்தில் பாத்திரம் கழுவுகிறாள். முதல் ஆறு மாதம் பயிற்சியில் அவள் குரலையே நாங்கள் கேட்கவில்லை. இந்த வருசம்தான் ஆட்டத்துக்குள் "விடு, விடு, எனக்குத் தா" என்று கத்தத் தொடங்கியிருந்தாள்.

அந்தப் பிள்ளையை நான் என்ன செய்துபோட்டன்? தோக்கிறதுக்கு ஆள் வேணுமெண்டு தெரிஞ்சு தெரிஞ்சு அவளைத்தானே விட்டனான். கால் நோ, களைப்பு எண்டு எல்லாம் கதை. அவள் போடமாட்டாள் எண்டு நம்பித்தானே விட்டனான். அதைப் போய் அவள் தன்ரை பிழை எண்டு —

இனி எழுத ஏலாது.

மே 8, வியாழன்

வேலை முடிந்து நேரே சாரங்காவின் வீட்டுக்குப் போனேன். எங்கள் தெருவிலிருந்து மூன்று சந்து தள்ளி. உள்ளே அறையைப் பகிர்கிற பெண்கள் இருந்தார்கள். அதனால் வெளிப்படியிலேயே இருந்து கதைத்தோம். அணி உடுப்பை மடித்துப் பையில் போட்டுத் தயாராக வைத்திருந்தாள்.

சொன்னேன். சுற்றி வளைக்கவில்லை. தர்சனாவை ஏன் எடுத்தேன், அவளை ஏன் விட்டேன், கேசிகா, கடைசி இடம், எல்லாம்.

அவள் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். பிறகு கேட்டாள்:

"அப்ப, அக்கா... நான் அந்த ரெண்டையும் போட்டிருந்தால் உங்களுக்கு என்னிலை கோவம் வந்திருக்குமோ?"

உண்மையான பதில் என்ன? அந்த எட்டு விநாடியில், அவள் பந்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றபோது, நான் என்ன நினைத்துக்கொண்டிருந்தேன்? பந்து வளையத்துக்குள் விழக்கூடாது என்றுதான்.

"தெரியேல்லை" என்றேன். "ஆனா வெக்கமாக் கிடக்கு."

"எனக்கு நாலு நாளா நித்திரை இல்லை."

"தெரியும்."

"தெரியாது உங்களுக்கு" என்றாள். குரலை உயர்த்தவில்லை. அவள் என்னோடு இப்படிக் கதைத்தது இதுதான் முதல் தரம். நான் தலையாட்டினேன்.

மன்னித்துவிட்டேன் என்று அவள் சொல்லவில்லை. நான் எழும்பி, பயிற்சிக்குப் போகிறேன், எல்லாருக்கும் சொல்லப்போகிறேன் என்றேன். பாதிச் சந்து போனபிறகு பின்னால் செருப்புச் சத்தம் கேட்டது.

உள்ளரங்கத்தில் மற்ற ஏழு பேரும் இருந்தார்கள், தர்சனாவும். சொல்லி முடித்ததும் முதலில் அவள்தான் வாய் திறந்தாள்.

"எனக்கு ஞாயிற்றுக்கிழமையே தெரியும். நீயாச் சொல்லுறியோ எண்டு பாத்துக்கொண்டிருந்தனான். இண்டைக்கும் சொல்லாட்டி நான் போயிருப்பன்."

அங்கே வந்திருந்த அண்ணை விடவில்லை. அவர் கெட்ட மனுசன் இல்லை. இந்த அணிக்காகக் கடையை வெள்ளனப் பூட்டிவிட்டு வருகிறவர்.

"நான் ஆருக்காகச் சொன்னனான்? பதினாலு பேர் எட்டுப் பேரா வந்திட்டம். இன்னும் தோத்துக்கொண்டிருந்தால் எட்டு நாலாகும். பிறகு டீமே இல்லை. ஒரு கிழமை வெக்கப்பட்டால் பத்து வருசத்துக்கு டீம் இருக்கும். இது பிழையோ?"

அணியை விட்டுப் போன அந்த ஆறு பேரையும் மனதில் எண்ணிப் பார்த்தேன். இரண்டு பேர் லண்டன். ஒருத்தி கலியாணமாகி ஜெர்மனி. இரண்டு பேர் வேலை தேடி மிலான். ஒருத்திக்குக் குழந்தை.

"அண்ணை," என்றேன், "தோத்ததாலை இதுவரைக்கும் ஒருத்தரும் போகேல்லை. தோத்ததாலை போகப்பாத்த முதல் ஆள் சாரங்கா. அது நான் தோக்க வைச்ச மட்ச்."

அவர் போய் வாங்கில் இருந்தார்.

கடைசி மட்ச் சியாகுல்லியோடு. இரண்டு அணிக்கும் இன்னும் ஒரே ஒரு வெற்றிதான். தோற்பவர் கடைசி. தோற்பவருக்குக் கேசிகா. தர்சனா கையை உயர்த்தச் சொன்னாள்: வெல்லப் பார்ப்போம் என்பவர்கள். ஏழு கை. சாரங்கா தன் பையைத் திறந்து உடுப்பை எடுத்துத் தலைக்கு மேலால் போட்டுக்கொண்டாள். அதையும் ஒரு கை என்று எழுதிக்கொள்கிறேன்.

மே 9, வெள்ளி

நன்றாக நித்திரை கொண்டேன். அது நியாயமா தெரியவில்லை.

மே 11, ஞாயிறு

சியாகுல்லி அணி ஐந்தே ஐந்து பேரோடு வந்தது. மாற்ற ஆள் இல்லை. அவர்களுடைய கெட்டிக்காரி சாம்பவி, பந்தைக் கொண்டு போகிறவள், சாதாரண உடுப்போடு சுவரோரம் இருந்தாள். காய்ச்சல் என்றார்கள். அவர்களின் கோச் கொட்வின் என் முகத்தைப் பார்க்கவில்லை.

இரண்டு பக்கமும் தோற்கப் பார்த்திருந்தால் இன்றைக்கு அந்த அரங்கத்தில் என்ன நடந்திருக்கும் என்று நினைத்தேன். பத்துப் பேர் ஒரு பந்தை ஒருவருக்கொருவர் மரியாதையாக நீட்டிக்கொண்டு நின்றிருப்பார்கள்.

ஆனால் அந்த ஐந்து பேரும் விளையாடினார்கள். அவர்களுக்கு ஒருவரும் சொல்லவில்லையோ, சொல்லியும் கேட்கவில்லையோ. மூச்சு வாங்கி, இடுப்பைப் பிடித்துக்கொண்டு, விழுந்து எழும்பி விளையாடினார்கள். இடைவேளையில் இரண்டு புள்ளிதான் வித்தியாசம். நான் எட்டுப் பேரையும் மாறி மாறி விட்டேன். சாரங்காவுக்கு ஒரு புள்ளியும் கிடைக்கவில்லை. நாலு தரம் பந்தைப் பறித்தாள். நாலாவது தரம் பறித்துத் தர்சனாவுக்கு எறிந்தபோது வாங்கில் இருந்த எல்லாரும் எழும்பிவிட்டோம். ஞானசேகரம் அண்ணையும் எழும்பினார். எழும்பியது தெரிந்ததும் மெல்ல இருந்தார்.

44–37.

கேசிகா போய்விட்டாள். எங்கள் பிள்ளைகள் கட்டிப்பிடித்துக் கொண்டாடினார்கள். ஐந்தாம் இடம். ஆறில் ஐந்தாம் இடம்.

கை கொடுக்கும்போது கொட்வின் சொன்னான்: "அக்கா, என்னைப் பாத்துச் சிரிக்காதேங்கோ. போன கிழமை நீங்களும்..."

"ஓம் கொட்வின், நானும் செய்தனான். அதுதான் சிரிக்கேல்லை."

மே 12, திங்கள்

லிஃப்ட் திருத்திவிட்டார்கள். நான் படியால்தான் ஏறினேன். கால் படியைக் கேட்டது.

செப்டெம்பர் 14, ஞாயிறு

புதியவர்களை எடுக்கும் கூட்டம். ஒன்பது பேர் பதிந்திருந்தார்கள். கொட்வின் எழும்பி "கேசிகா" என்றான். எல்லாரும் கைதட்டினோம். உண்மையில் வளர்ந்த பிள்ளை, அந்தத் தாழ்வான கதவுக்குள் குனிந்துதான் வந்தாள்.

அடுத்தது நாங்கள். நான் குகனேஸ்வரியின் பெயரைச் சொன்னேன். முப்பத்தொரு வயது, ஊரில் வலைப்பந்து விளையாடியவள், உயரம் இல்லை. பதிவுத் தாளில் 'எந்த நாட்களில் வரலாம்' என்ற இடத்தில் "எல்லா நாளும்" என்று எழுதியிருந்தாள்.

கூட்டம் முடிய சாம்பவி என்னிடம் வந்தாள். சியாகுல்லியின் சாம்பவிதான்.

"அக்கா, உங்கடை டீமிலை இடம் இருக்கோ?"

"உனக்கு அங்கை என்ன குறை? கேசிகாவும் வாறாள்."

"குறை எண்டில்லை. அந்தக் கடைசி மட்சுக்கு எனக்குக் காய்ச்சல் எண்டு கோச் எல்லாருக்கும் சொல்லிவைச்சவர். அம்மா அதை நம்பி மூண்டு நாள் கொத்தமல்லி அவிச்சுத் தந்தவ. குடிச்சனான். பிறகு சுவரோடை இருந்து அவையள் ஓடுறதைப் பாத்தனான்." கதிரையை மடக்கிச் சுவரில் சாத்தினாள். "கூப்பிட்டு விளையாட விடுற இடத்திலை விளையாட விருப்பம்."

நான் மே நாலாம் திகதியையும் அவளுக்குச் சொன்னேன். தெரியாமல் வரக்கூடாது என்று நினைத்தேன்.

"தெரியும் அக்கா. சாரங்காதான் சொன்னவ. சொல்லித்தான் கூப்பிட்டவ."

அணி மாற கொட்வினின் கையெழுத்து வேண்டும். நான் எப்படிக் கேட்பது என்று யோசித்துக்கொண்டிருக்க, ஞானசேகரம் அண்ணை எழும்பிப் போய்விட்டார். தூரத்திலிருந்து பார்த்தேன். அரை மணித்தியாலம் கதைத்தார்கள். அண்ணைதான் அதிகம் கதைத்தார், நிலத்தைப் பார்த்தபடி. கடைசியில் கொட்வின் பேனையை வாங்கினான்.

"என்ன சொன்னனீங்கள்?" என்று கேட்டேன்.

"அவனுக்கு நான் சொல்லுறது விளங்கும்" என்றார்.

ஒக்டோபர் 19, ஞாயிறு

லீக்கின் புது வருசத்தில் முதல் மட்ச். சியாகுல்லியோடு. பத்துப் பேர் உடுப்போடு வாங்கில். இடம் காணாமல் இரண்டு பேர் நிலத்தில் இருந்தார்கள்.

தோற்றோம். 46–49.

கேசிகா மட்டும் இருபத்தாறு புள்ளி. அவள் கையை உயர்த்தினால் எங்கள் ஆட்களுக்கு வளையமே தெரியவில்லை. சாம்பவி மூன்று தரம் உள்ளே ஓடினாள், மூன்று தரமும் பந்து திரும்பி வந்தது. கடைசி நிமிடம்வரை போராடித்தான் தோற்றோம்.

ஆட்கள் வீட்டுக்குப் போவார்கள் என்று நினைத்தேன். போகவில்லை. அரங்கத்தின் காவலாளி திறப்பைக் கிலுக்கிக்கொண்டு நின்றார். தர்சனா அவரிடம் பத்து நிமிடம் கேட்டாள், பிறகு இன்னும் பத்து. இந்த வருசத்தோடு விடப்போகிறேன் என்று ஆவணியில் எனக்குச் சொன்னவள்தான்.

சாரங்கா மூலையில் இருந்த, நிலம் கூட்டுகிற தும்புத்தடியை எடுத்துவந்து ஞானசேகரம் அண்ணையின் கையில் கொடுத்தாள்.

"அண்ணை, இதைத் தலைக்கு மேலை பிடியுங்கோ. இன்னும் கொஞ்சம். ஓம், அந்த உயரம்தான். நீங்கள்தான் கேசிகா."

வளையத்துக்குக் கீழே அவர் தும்புத்தடியை உயர்த்திக்கொண்டு நின்றார். ஒவ்வொருவராக ஓடிவந்து அதற்கு மேலால் எறிந்து பார்த்தார்கள். தும்பில் பட்டுப் பந்து சுவருக்குப் போனது. திரும்ப வந்தார்கள். குகனேஸ்வரி ஒரு அடி பின்னால் நின்று, பந்தை உயரமாக வளைத்து விட்டாள். விழுந்தது. அப்படித்தான், அப்படித்தான் என்று எல்லாரும் வரிசையில் பின்னுக்கு நகர்ந்தார்கள்.

"பிள்ளையள், கை நோகுது" என்றார் அண்ணை.

"அவளுக்கு நோகாது அண்ணை," என்றாள் சாரங்கா, "நல்லாப் பிடியுங்கோ."

அவர் கையை இன்னும் கொஞ்சம் உயர்த்தினார்.