அம்மா நெடுந்தீவுக்கு வர நல்ல மாதம்

2.7.84 திங்கள்

தென்மேற்கிலிருந்து சோளகக் காற்று. வாய்க்குள் மணல். சயன்ஸ் கொப்பியின் பின்பக்கத்தில் எழுதுகிறேன். கொப்பியை வீணாக்கக் கூடாது என்று வகுப்பில் பிள்ளைகளை ஏசிவிட்டு நானே இப்படி. யாரிடம் மன்னிப்புக் கேட்பது? கேட்டதாக இருக்கட்டும்.

அம்மாவின் தபாலட்டை மறுபடியும். தீவுக்கு வந்து உன்னைப் பார்க்க எந்த மாதம் நல்லது? மூன்றாம் வகுப்போடு நின்ற கையெழுத்து. வெங்காயப் பாத்தி மாதிரி நேர் வரிசை.

பதிலுக்கு யோசித்தவை:

தை, மாசி – கடல் அலையில்லாமல் தட்டையாகக் கிடக்கும். புல் பச்சை. ஆனால் வீட்டில் வெங்காயத்துக்கு இறைப்பு.
பங்குனி, சித்திரை – கடல் இன்னும் நல்லது. வெங்காயம் கிண்டுகிற நேரம். இங்கே கிணறு உப்பாகிவிடும்.
வைகாசி முதல் ஆவணி – சோளகம். பேச்சுக்கே இடமில்லை.
புரட்டாசிக் கடைசி – காற்று மாறும் இடைவெளி. எப்போது என்று யாருக்கும் தெரியாது.
அதற்குப் பிறகு மழை, வாடை.

மாசி என்று எழுதிப் போட்டேன். போன தையில் கேட்டபோது புரட்டாசி என்று எழுதினவளும் நான்தான். தபாற்கந்தோரால் திரும்பும்போது ஒரு நிம்மதி. வெட்கங்கெட்ட நிம்மதி.

5.7.84 வியாழன்

செருப்பு வார் அறுந்தது. ஒன்பதாம் வகுப்புக்கு ஒளித்தெறிப்பு. கண்ணாடி இல்லை, தகரத்தைத் தேய்த்துக் காட்டினேன். மத்தியானம் பாண், சம்பல்.

பிலோமினா அக்கா (எனக்கு அறை தந்திருக்கிறவர்) முற்றத்தில் மீன் வெட்டிக்கொண்டே:

"என்ன ரீச்சர், மாசத்துக்கொரு நொட்டை சொல்லுறீராம். பன்னிரண்டையும் கழிச்சாச்சு. இனிக் கொம்மா பதின்மூண்டாம் மாசத்திலைதான் வரவேணும்."

"கடல் அப்பிடி அக்கா."

"கடலோ, நீரோ?"

சிரித்து மழுப்பினேன். அறைக்கு வந்து அழக்கூட இல்லை. அதற்கும் ஒரு தெம்பு வேண்டும்.

உண்மை இதுதான். அம்மா வந்தால் என் முகத்தைப் பார்ப்பார். பார்த்தால் நான் கேட்டுவிடுவேன். எங்கள் பகுதியில் படித்துப் பட்டம் எடுத்தது நான் ஒருத்தி. ஐயா சுன்னாகம் சந்தையில் வெங்காயம் நிறுக்கும்போதும் "மகள் அரசாங்க உத்தியோகம்" என்று சொல்லித்தான் நிறுப்பார். இந்தத் தீவில் இனி என்னால் முடியாது. இடமாற்றம் கேட்டேன், இல்லை என்றுவிட்டார்கள். மிச்சம் ஒரே வழி. வேலையை விட்டுவிட்டு வீட்டுக்குப் போவது. அதை எந்த வாயால் கேட்பது?

14.7.84 சனி

காற்றுக் கூடிவிட்டது. உடுப்புத் தோய்த்தது. சவர்க்காரம் நுரைக்கவில்லை, வழக்கம்போல.

மத்தியானம் படலை வாசலில் பிலோமினா அக்காவின் சத்தம். "ரீச்சர், ஓடியாரும்! உம்மடை மாசி மாசம் ஆடிக்கு முன்னமே வந்து நிக்குது!"

அம்மா. முழங்கால் வரை நனைந்த சேலை. வெளிறிப்போன முகம். துறையில் நேவிக்காரர் சோதனையென்று கிளறிய பை: அரிசிமா, பயறு, பனங்கட்டி, வாடிய பலா இலைகள். ஆடிப்பிறப்புக் கூழ் காய்ச்சுகிற நாளில் நான் தனியே இருக்கக் கூடாதாம்.

"கடலெண்டால் பெரிய வாய்க்கால்தானே எண்டு நினைச்சன். உது ஆளைச் சுளகிலை போட்டெல்லோ புடைக்குது!"

"மாசியிலை வரச்சொல்லித்தானே அம்மா எழுதினனான்?"

"ஓம். முன்னம் புரட்டாசியெண்டாய். தோட்டம் நல்லா விளைஞ்சிருந்தால் வந்து பாக்காதை எண்டு ஆரும் சொல்லுவினமே?"

தேத்தண்ணீர் போடப் போய்விட்டேன்.

16.7.84 திங்கள், ஆடிப்பிறப்பு

அம்மாவும் பள்ளிக்கூடம் வந்தார். வகுப்பு வாசலில் நின்றார். பிள்ளைகள் எழும்பி வணக்கம் சொல்ல, அவர்களைப் பார்த்துக் கும்பிட்டார். பிறகு என் காதுக்குள், "உவையள் எல்லாரும் உனக்கே எழும்பினவை?"

அதிபர் வேறு வந்து, "உங்கடை மகள் இல்லாட்டி இங்கை சயன்ஸ் பாடமே இல்லை அம்மா." அம்மாவின் முதுகு நிமிர்ந்தது. வீடு வரும்வரை ஒரே கதை. "ஐயாட்டைச் சொல்லவேணும். உதை ஐயாட்டைக் கட்டாயம் சொல்லவேணும்." நான் கேட்க வைத்திருந்ததை இன்னும் உள்ளே தள்ளிவிட்டேன். அந்தப் பிள்ளைகளின் முகங்களும் அதன்மேல்.

பின்னேரம் கூழ். பலா இலையைக் கோலிக் குடித்தோம். அம்மா முதல் வாயிலேயே நிறுத்தினார்.

"நான் இவ்வளவு உப்புப் போடேல்லையே."

பிலோமினா அக்கா: "நாங்களும் போடுறேல்லை அக்கா. எங்கடை கிணறு போடும்."

நானும் அக்காவும் சிரித்தோம். அம்மா சிரிக்கவில்லை.

"உந்தத் தண்ணியையே ஒவ்வொரு நாளும் குடிக்கிறாய்?"

"பழகிட்டுது அம்மா."

"தலைமயிர் கொட்டினதும் பழகிட்டுதோ?"

இலையை எறிகிற சாட்டில் எழும்பினேன். அம்மா மேலே கேட்கவில்லை. கேட்டிருந்தால் நல்லது.

17.7.84 செவ்வாய்

காற்றுக் கொஞ்சம் தணிவு. அம்மாவை ஏற்றிவிடத் துறைக்குப் போனேன். முதல் பாடத்துக்கு வர மாட்டேன் என்று அதிபரிடம் சொல்லி வைத்தாயிற்று. அறுந்த செருப்பை ஊசியால் குத்திப் போட்டிருந்தேன், வழியில் மறுபடி அறுந்தது.

லோஞ்சுப் படகுக்காரர் கத்தினார்: "ஏறுற ஆக்கள் ஏறுங்கோ! அலை நிண்டு பாத்துக்கொண்டிராது!"

அம்மா ஒரு காலை உள்ளே வைத்தவர் திரும்பினார்.

"அப்ப மாசியிலை ஐயாவையும் கூட்டிக்கொண்டு வரட்டே? கடல் நல்லமெண்டு எழுதினனீ."

மாசிக்கு என்ன குறை சொல்லலாம் என்று தேடினேன். அம்மாவின் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டிருந்தது என் கைதான் என்று அப்போதுதான் தெரிந்தது.

"மாசியிலை வரவேண்டாம் அம்மா. ஐயாட்டை நீங்கள் கதையுங்கோ. நான் வீட்டை வரட்டே?"