ஆண்கள் பக்கம், பெண்கள் பக்கம்

சித்தூர்,
12 அக்டோபர் 2024

அன்பு மனைவி லோயிஸுக்கு, கணவன் ஜோஷுவா எழுதிக்கொள்வது.

ஆண்டவர் கிருபையால் நானும் அம்மாவும் நைனாவும் சுகம். திருமணமான நாள் முதல் நாம் இருவரும் மிகுந்த அன்போடும் ஒற்றுமையோடும் வாழ்ந்து வருகிறோம் என்பதை இதன் மூலம் தெரிவித்துக்கொள்கிறேன்.

தினமும் போனில் பேசுகிறவன் எதற்குக் கடிதம் எழுதுகிறான் என்று யோசிப்பாய். நேற்றுத் திருப்பதிக்குப் போய், விசா வேலை பார்க்கும் பிரவீனைப் பார்த்தேன். உன் ஆசிரியர் வேலைக்கு விசா கொடுத்தவர்கள் என் விசாவை மட்டும் ஏன் மறுத்தார்கள் என்று விளக்கினார். கல்யாணச் சான்றிதழ் இருக்கிறது, ஆல்பம் இருக்கிறது. ஆனால் அதற்குப் பிறகு நான்கு வருடம் நாம் கணவன் மனைவியாக வாழ்ந்ததற்கு ஒரு சான்றும் இல்லையாம். நீ திங்கள் முதல் வெள்ளி வரை திருப்பதிப் பள்ளி விடுதியில் இருந்தாய். நான் சித்தூரில் மாம்பழக்கூழ் ஃபேக்டரியில் இருந்தேன். ஆளுக்கொரு விலாசம். சேர்ந்து நிற்கும் போட்டோவும் கிடையாது. "நாலு வருஷத்துல ஒக்க போட்டோ கூட லேதா சார்?" என்று பிரவீன் பார்த்த பார்வையில் எனக்கே நம் கல்யாணத்தின் மேல் சந்தேகம் வந்துவிட்டது.

தலைக்கோனா அருவிக்குப் போனபோது நான் உன்னை எடுத்தேன், நீ என்னை எடுத்தாய். சேர்த்து எடுக்கச் சொல்லி மூன்றாம் ஆளைக் கேட்க இருவருக்கும் வெட்கம். செல்ஃபிகளை எல்லாம் முகம் கோணலாக இருக்கிறது என்று நீ அழித்துவிட்டாய். இப்போது அந்தக் கோணல் முகம் ஒன்று கிடைத்தாலும் போதும்.

இனி ஒருவருக்கொருவர் கடிதம் எழுதி, முத்திரை விழுந்த உறையோடு பத்திரமாக வைக்கச் சொல்கிறார் பிரவீன். அடுத்த விண்ணப்பத்தோடு கொடுக்கலாமாம். ஆகவே அன்பாகப் பதில் எழுதவும்.

இங்ஙனம்,
உன் சட்டப்படியான கணவன்
ஏ. ஜோஷுவா


லீட்ஸ், இங்கிலாந்து,
3 நவம்பர் 2024

அரசாங்கம் இன்னும் நம்பாத என் கணவருக்கு,

உங்கள் கடிதத்தை ஸ்டாஃப் ரூமில் பிரித்துப் படித்தேன். சிரித்த சிரிப்பில் டீயைக் கொட்டிக்கொண்டேன். பெண்டாட்டிக்கு எழுதும்போது யாராவது "தெரிவித்துக்கொள்கிறேன்" என்று எழுதுவார்களா? சபைக் கமிட்டி அறிக்கை படித்த மாதிரி இருந்தது. அது போகட்டும். விசா அதிகாரியிடம் காட்டத்தான் எழுதுகிறோம் என்பதை அந்தக் கடிதத்திலேயே எழுதிவைத்தால், அதை எப்படிங்க அவரிடம் காட்டுவது? மாமாவுக்குத் தப்பாமல் பிறந்திருக்கிறீர்கள்.

பள்ளிக்கூடம் நன்றாகப் போகிறது. பையன்கள் முதல் வாரம் என் பேச்சை நையாண்டி செய்தார்கள். ஒரு கணக்கை மூன்று வழியில் போட்டுக் காட்டினேன். இப்போது நான்காவது வழி உண்டா என்று கேட்கிறார்கள். எனக்கு இந்த வேலை பிடித்திருக்கிறது. அதைச் சொல்லவே பயமாக இருக்கிறது, நீங்கள் அங்கே தனியாக இருக்கும்போது.

பக்கத்தில் ஒரு சின்னச் சபை இருக்கிறது. போன ஞாயிறு நம் ஊர் வழக்கப்படி பெண்கள் பக்கம் என்று நினைத்து வலது பக்கம் போய் உட்கார்ந்தேன். ஒரு வெள்ளைக்காரத் தாத்தா வந்து என் பக்கத்திலேயே உட்கார்ந்தார். நான் சட்டென்று எழுந்துவிட்டேன். அவர் தன் சட்டையை முகர்ந்து பார்த்துக்கொண்டார், பாவம். இங்கே ஆணும் பெண்ணும் கலந்துதான் உட்காருகிறார்கள். கணவன் மனைவி ஒரே பாட்டுப் புத்தகத்தை ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு பாடுகிறார்கள். அதைப் பார்த்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது.

ஈஸ்டருக்குள் நீங்கள் வராவிட்டால் நான் வேலையை விட்டுவிட்டு வந்துவிடுவேன். இதை அதிகாரியும் படிக்கட்டும்.

உங்கள்
லோயிஸ்


சித்தூர்,
24 நவம்பர் 2024

என் லோயிஸ்,

வேலையை விடுகிற பேச்சை எடுக்காதே. அந்த வேலைக்காக நீ பரீட்சை எழுதியதும், விடுதி அறையில் இங்கிலாந்து டீச்சரோடு வீடியோவில் மாதிரிப் பாடம் நடத்தியதும் எனக்குத் தெரியாதா? நான் வருகிறேன். வழி மட்டும்தான் தெரியவில்லை.

ஃபேக்டரியில் இப்போது கொய்யாப்பழம் ஓடுகிறது. வீட்டுக்கு வந்து குளித்தாலும் வாசனை போவதில்லை. நீ இருந்தால் மூக்கைப் பொத்திக்கொண்டு வாசலிலேயே நிறுத்துவாய். நிறுத்த ஆளில்லாமல் நேராக உள்ளே போகிறேன். அது பிடிக்கவில்லை.

நாம் வாராவாரம் சேர்ந்து போன இடம் கோவில்தானே, அங்கே எடுத்த போட்டோ கிடைக்காதா என்று பிரவீன் கேட்டார். ஞாயிறு பள்ளி எப்சிபா அக்கா எல்லா விசேஷங்களையும் போட்டோ எடுப்பவர். அவரிடம் கேட்டு, இருப்பதை எல்லாம் வாங்கிப் பார்த்தேன். அறுப்பின் பண்டிகை, ஞானஸ்நானம், கன்வென்ஷன் எல்லாம் இருக்கிறது. ஒவ்வொன்றிலும் நீ பெண்கள் பக்கம், நான் ஆண்கள் பக்கம். நடுவில் ஆறடிப் பாதை.

கல்யாணம் முடிந்து முதல் ஞாயிறு உனக்கு நினைவிருக்கும். எங்கே உட்காருவது என்று நடுப்பாதையில் தயங்கி நின்றாய். சபைச் செயலர் ஏசுரத்தினம் அவர்கள், அதாவது என் நைனா, "அந்தாண்ட போம்மா" என்று உன்னை அனுப்பிவைத்தார். இப்போது அதே மனிதர் என் தோளுக்குப் பின்னால் நின்று போட்டோக்களைப் பார்த்துப் பெருமூச்சு விடுகிறார். நேற்றுச் சாப்பாட்டில் உப்பில்லாததைக்கூடச் சொல்லவில்லை.

உன்னை நினைத்துக்கொண்டே இருக்கும்
ஜோஷுவா


லீட்ஸ்,
15 டிசம்பர் 2024

அன்பானவருக்கு,

மாமாவைக் கோபிக்காதீர்கள். நான் தயங்கியது எனக்கே வெட்கமாக இருந்தது. அவர் சொன்ன பிறகுதான் மூச்சு வந்தது.

அடுத்த ஆண்டும் இருக்கிறேனா என்று தலைமையாசிரியை கேட்டார். ஈஸ்டர் விடுமுறைக்குள் சொல்கிறேன் என்றேன். "உன் கணவர் என்ன செய்கிறார்?" என்றும் கேட்டார். மாம்பழக்கூழின் புளிப்பும் இனிப்பும் சரியாக இருக்கிறதா என்று பார்ப்பவர் என்றேன். அப்படி ஒரு வேலையை விட்டுவிட்டு யாராவது இங்கே வருவார்களா என்று சிரித்தார். நானும் சிரித்தேன். அறைக்கு வந்த பிறகு அந்தக் கேள்வி என்னை விடவில்லை. என்னோடு ஒட்டிக்கொண்டு வருகிறவர் என்றுதான் விசாத் தாளில் உங்களைக் குறிப்பிடுகிறார்கள். உங்களுக்கு அது உறுத்தவில்லையா? மறைக்காமல் சொல்லுங்கள்.

நான்கு மணிக்கே இருட்டிவிடுகிறது. கிறிஸ்துமஸுக்கு ரோஸ் குக்கி சுடலாம் என்றால் அச்சு இல்லை. நீங்கள் வரும்போது கொண்டு வாருங்கள். வரும்போது என்றுதான் எழுதுகிறேன்.

லோயிஸ்


சித்தூர்,
8 ஜனவரி 2025

என் கண்ணான லோயிஸுக்கு,

முதலில் உன் கேள்விக்குப் பதில். உறுத்தவில்லை. கல்யாணமான நாள் முதல் சனிக்கிழமைதோறும் நீ வரும் திருப்பதி பஸ்ஸுக்காக ஸ்டாண்டில் ஒட்டிக்கொண்டு நின்றவன் நான். அப்போது யாரும் விசா கேட்கவில்லை, அவ்வளவுதான்.

இப்போது சேதி. கிறிஸ்துமஸ் முடிந்து ஒரு மத்தியானம் நைனா தன் புதுக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தார். எப்சிபா அக்காவின் போட்டோக்களை ஒவ்வொன்றாகப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டே வந்தார். எல்லாம் பீடத்தின் பக்கமிருந்து எடுத்தவை, முகங்கள் நன்றாகத் தெரியும். நான் மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தேன். "ஜோஷுவா, இங்க வாடா" என்று ஒரு சத்தம். ஓடினேன்.

"எல்லாரும் ஆயரப் பாத்துக்கினு இருக்காங்க. இந்தப் பொண்ணு மட்டும் இன்னாடா உன்னையே பாத்துக்கினு இருக்குது?"

நிஜம்தான். அறுப்பின் பண்டிகையிலும் நீ என்னைத்தான் பார்க்கிறாய். இஸ்ரேல் அண்ணன் குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுக்கும்போது சபையே குழந்தையைப் பார்க்கிறது, நீ என்னைப் பார்க்கிறாய். கன்வென்ஷன் பிரசங்கத்திலும் அப்படியே. வருடத்துக்கு வருடம் புடவைதான் மாறுகிறது, பார்வை மாறவில்லை. அம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சமையலறைக்குப் போய்விட்டாள். நைனா தொண்டையைக் கனைத்துக்கொண்டு, இதைவிட என்ன சான்று வேண்டுமாம் என்றார்.

ஒரு பெண் நான்கு வருடம் என்னை இப்படிப் பார்த்திருக்கிறாள், எனக்குத் தெரியவில்லை. அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை, சந்தோஷத்தில்.

போட்டோக்களை வாட்ஸப்பில் அனுப்பியிருக்கிறேன். நீயே பார்.

ஜோஷுவா


லீட்ஸ்,
26 ஜனவரி 2025

கெட்டிக்காரக் கணவருக்கு,

நான் ஆண்கள் பக்கத்துச் சுவர்க் கடிகாரத்தைத்தான் பார்த்தேன் என்று எழுத உட்கார்ந்தேன். அந்தக் கடிகாரம் ஓடாது என்பது மாமாவுக்கே தெரியும். ஆகவே விட்டுவிட்டேன். ஆமாம், பார்த்தேன். வாரம் முழுவதும் பார்க்காத முகத்தைச் சனிக்கிழமை பார்த்துத் தீரவில்லை, ஞாயிற்றுக்கிழமையும் பார்த்தேன். அதற்கு என்ன இப்போது?

ஆனால் ஒன்று. நீங்களும் மாமாவும் என்னையே பெரிதாக்கிப் பார்த்திருக்கிறீர்கள். நான் ஆண்கள் பக்கத்தைப் பெரிதாக்கினேன். ஞானஸ்நானத்தின் அடுத்த போட்டோவில் தூணுக்குப் பின்னாலிருந்து கொக்கு மாதிரிக் கழுத்தை நீட்டிப் பெண்கள் பக்கம் பார்ப்பது யார்? அறுப்பின் பண்டிகையில், எல்லோரும் தலை குனிந்து ஜெபிக்கும்போது, கண்ணைத் திறந்துகொண்டிருப்பது யார்? நான் திரும்பும்போது நீங்கள் குனிந்துகொள்வீர்கள் போலிருக்கிறது. அல்லது நான் குனிந்துகொள்வேனோ என்னவோ. கேமரா மட்டும் இரண்டையும் பார்த்திருக்கிறது.

இரண்டு முகத்துக்கும் வட்டம் போட்டு பிரவீனிடம் கொடுங்கள். மாமாவையும் ஆயரையும் சாட்சிக் கடிதம் எழுதச் சொல்லுங்கள். கொடுத்துவிட்டுத் தைரியமாக இருங்கள். நான் இங்கே தைரியமாக இல்லை.

உங்கள், உங்கள், உங்கள்
லோயிஸ்


சித்தூர்,
23 மார்ச் 2025

என் லோயிஸ்,

விசா வந்துவிட்டது என்று போனில் சொன்னபோது நீ அழுததில் நான் சொல்ல நினைத்ததெல்லாம் நின்றுபோனது. அதனால் இதை எழுதுகிறேன். தபாலில் போடப் போவதில்லை. சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வருகிறேன்.

ஒன்றை உன்னிடம் சொல்லவில்லை. நம் கடிதங்களை நான் கொடுக்கவே இல்லை. ஆங்கிலத்தில் மொழிபெயர்க்க ஆளிடம் கொடுக்க வேண்டும் என்றார் பிரவீன். பாட்டுப் புத்தகத்தைப் பார்த்து நீ அழுததை எவனோ ஒருவன் படிப்பதா என்று எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். போட்டோவும் சாட்சிக் கடிதங்களும் மட்டும்தான் போயின.

ஃபேக்டரியில் மாலை போட்டு அனுப்பினார்கள். மரமெல்லாம் பிஞ்சு விட்டிருக்கிறது. இந்த வருடக் கூழை வேறொருவர் ருசி பார்ப்பார். கொஞ்சம் வருத்தம்தான், இல்லை என்று சொல்லமாட்டேன். ரோஸ் குக்கி அச்சைப் பெட்டியில் வைத்தாகிவிட்டது.

இன்று ஆராதனை முடிந்ததும் நைனா பெண்கள் பக்கம் போய் அம்மாவைக் கையைப் பிடித்து நடுப்பாதைக்கு அழைத்து வந்தார். சபையே திரும்பிப் பார்த்தது. எப்சிபா அக்காவிடம், "எங்க ரெண்டு பேரையும் ஒன்னா புடிம்மா. நாளைக்கு எவனாவது கேட்டா காட்டணும்" என்றார். போட்டோவில் அம்மா வெட்கத்தில் தரையைப் பார்த்துக்கொண்டு நிற்கிறாள். நைனா கேமராவைப் பார்க்கவில்லை. யாரைப் பார்க்கிறார் என்று நீயே வந்து பார்த்துக்கொள், பிரிண்ட் போட்டுக் கொண்டு வருகிறேன்.

அடுத்த ஞாயிறு உன் சபையில் இருப்பேன். அங்கே நாம் பக்கத்தில் பக்கத்தில் உட்காரலாம் என்று நான்கு நாளாக நினைத்து நினைத்துச் சந்தோஷப்பட்டேன். இப்போதுதான் ஒரு கவலை வந்திருக்கிறது. பக்கத்தில் உட்கார்ந்துவிட்டால் உன் முகம் எனக்குத் தெரியாதே. முதல் ஞாயிறு மட்டும் நான் அந்தாண்ட உட்கார்ந்துகொள்ளட்டுமா?

உன் ஜோஷுவா