கொடுத்துவிட்ட கை

14-6-61, கொடைக்கானல்
பாடம் நடத்திய நேரம் முழுவதும் இடது கையை எதன் மீதும் படாமல் மடக்கி வைத்திருந்தேன். மார்ச்சில் பஸ் கதவில் நசுங்கிய கை. எலும்பு கூடிவிட்டது என்கிறார் டாக்டர். எரிச்சல் மட்டும் மணிக்கட்டைத் தாண்டி முழங்கைக்கு வந்திருக்கிறது. பனி பட்டாலும் எரிகிறது. நெருப்பு என்று எழுதினால் மிகை. வேறு சொல் இல்லை.

20-6
பழனியிலிருந்து அத்தை வந்தார். என் கணவர் ஞானவேலின் அம்மா. அடிவாரத்தில் பூஜைச் சாமான் கடை. ‘வெள்ளியில கை செஞ்சு உண்டியல்ல போட்டுட்டேன் ஆத்தா. முருகன் வாங்கிக்கிட்டான். இனி வலிக்குதுன்னு வாயால சொல்லாத. குடுத்ததத் திருப்பிக் கேட்ட மாதிரி ஆயிரும்.’
ஞானவேல் சிரிப்பார் என்று பார்த்தேன். பல்கலைக்கழக மேடையில் சாமியைக் கேலி செய்தவர். அதைக் கேட்டுத்தான் இவரைக் கட்டிக்கொண்டேன்.
சிரிக்கவில்லை.

21-6
அடுப்படியில், மெதுவாக: ‘சரியாப் போச்சுன்னு சொல்லிரு சுந்தரி. அம்மா நிம்மதியா பஸ் ஏறட்டும்.’
‘பொய்யின்னு உங்களுக்குத் தெரியும்ல?’
‘அவங்க போறவரைக்கும்தான.’
சொன்னேன். அத்தை என் நெற்றியில் திருநீறு பூசி அழுதார். அவர் மேல் கோபமே வரவில்லை.

2-7
அத்தை போய்விட்டார். பொய் போகவில்லை.

9-7
தோள் வரை எரிச்சல்.

23-7
வலது கையும். பேனாவைத் திறக்கும்போது தெரிந்தது. அடிபடாத கை. உடம்புமா கட்சி மாறும்?
இவரிடம் சொன்னேன். பேப்பரிலிருந்து கண்ணை எடுக்காமல், ‘அடிபட்டது இடது கைதான? அதுவும் சரியாப் போச்சுன்னு நீயேதான சொன்ன.’
நானேதான். நீங்க சொல்லச் சொன்னீங்க, நானேதான் சொன்னேன். இத அவர்ட்ட கேக்க வாய் வரல. வேற யார்கிட்ட போயி—

27-7
வடிவு டீச்சரின் கணவருக்கும் ஞானவேலுக்கும் ஒரே ஆபீஸ். ஓய்வறையில் எல்லார் முன்னாலும் வடிவு: ‘உங்க வீட்டுக்காரரு சொன்னாராம்ல, குளிரு பிடிக்கலையாம் உங்களுக்கு. மலை வேணாம்னா நேரா மாத்தல் கேளுங்க டீச்சர். பாவம், கைய எதுக்கு இழுக்குறீங்க?’
சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.
அப்படியானால் இவர் என் வலியை ஒருநாளும் நம்பியதே இல்லை.

20-8, ஞாயிறு
ஏரியைச் சுற்றி நடந்தோம். மூடுபனி. வழுக்கும் என்று ஞானவேல் என் வலது கையைப் பிடித்துக்கொண்டார், விரல்களுக்குள் விரல் கோத்து. எரிந்தது. நான் உருவிக்கொள்ளவில்லை. பேரிக்காய் விலை பற்றிப் பேசிக்கொண்டே வந்தேன்.
‘பாத்தியா, எல்லாம் சரியாயிருச்சு’ என்றார். உண்மையான சந்தோஷம்.
‘ஆமாங்க’ என்றேன்.
இதுவரை இவரிடமிருந்து ஒளித்துவைக்க என்னிடம் எதுவும் இருந்ததில்லை.